வாயு விதிகள் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: எது மாறவில்லை என்று முதலில் கேளுங்கள்

பாயில், சார்லஸ், கே-லூசாக், அவகாட்ரோ, டால்டன், கிரஹாம். வேதியியலில் வாயுக்கள் பாடத்தைத் திறந்ததும் இத்தனை பெயர்களும் வரிசைகட்டி வந்து நிற்கும். ஆளுக்கொரு விதி, விதிக்கொரு சூத்திரம். பலரும் இங்கேதான் மனப்பாடத்தில் இறங்குகிறார்கள். கணக்கு என்று வந்ததும் எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்று தடுமாறுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். பிறருக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: முதல் நான்கு பேரும் ஒரே உறவின் நான்கு பக்கங்களைப் பார்த்திருக்கிறார்கள். "இந்தக் கணக்கில் எது மாறாமல் இருக்கிறது?" என்று கேட்கப் பழகிவிட்டால் சூத்திரம் தானாக வந்து நிற்கும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பழக்கத்தைப் பற்றியதுதான்.

படி 1: சூத்திரத்துக்கு முன் ஒரு படம்

ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியாகி அறை வெப்பநிலைக்கு வந்தால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகிவிடும். மூலக்கூறு ஒன்றுகூடப் புதிதாக வரவில்லை, எதுவும் பெருக்கவும் இல்லை. அவற்றுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம்தான் கூடியிருக்கிறது. ஆக, வாயு என்பது பெரும்பாலும் காலியிடம். அந்தக் காலியிடத்தில் மூலக்கூறுகள் நாலா பக்கமும் பாய்ந்து, ஒன்றோடொன்று மோதி, சுவரிலும் மோதித் திரும்புகின்றன. 27 டிகிரி செல்சியஸில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறின் வேகம் சராசரியாக நொடிக்கு 500 மீட்டர் அளவில் இருக்கும்.

இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். சுவரில் விழும் மோதல்கள் அத்தனையும் சேர்ந்ததுதான் அழுத்தம். மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாகத் துள்ளுகின்றன என்பதைச் சொல்வது வெப்பநிலை. சரியாகச் சொன்னால், அது அவற்றின் சராசரி இயக்க ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கனஅளவு அவை ஓடியாடும் இடம். எத்தனை மூலக்கூறுகள் என்ற கணக்கு மோல். இந்த நான்கைத் தவிர வாயு விதிகளில் வேறு எதுவும் கிடையாது.

படி 2: கையால் உணர்ந்து பாருங்கள்

ஊசி இல்லாத ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனை 20 மில்லிலிட்டர் கோடு வரை இழுத்து, முனையை விரலால் இறுக்கி மூடுங்கள். இப்போது மெதுவாக அழுத்துங்கள். 15 வரை எளிதாகப் போகும். 10-க்கு வரும்போது கை எதிர்ப்பை உணரும். அதற்குக் கீழே ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் பெரும்பாடு படவேண்டியிருக்கும். விட்டால் பிஸ்டன் பழைய இடத்துக்கே ஓடிவரும்.

இடம் பாதியானால் மூலக்கூறுகள் சுவரைத் தொடும் தடவைகள் இரண்டு மடங்காகின்றன. அழுத்தமும் இரண்டு மடங்காகிறது. பாயில் விதி இவ்வளவுதான்: வெப்பநிலையும் மோலும் மாறாதபோது அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண். 1 அட்மாஸ்பியரில் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் சாதாரண அழுத்தம்) இருக்கும் 20 மில்லிலிட்டர் காற்றை 8-க்கு அமுக்கினால் அழுத்தம் 20-ஐ 8 ஆல் வகுத்தது, அதாவது 2.5 அட்மாஸ்பியர்.

"மெதுவாக" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சைக்கிள் பம்பை வேகவேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சூடாகிவிடும். சட்டென்று அமுக்கும்போது நாம் செலவிடும் ஆற்றல் வெளியேற நேரமில்லாமல் வாயுவிலேயே தங்கிவிடுகிறது, வெப்பநிலை ஏறுகிறது. அப்போது "வெப்பநிலை மாறவில்லை" என்ற நிபந்தனையே உடைந்துபோகிறது, பாயில் விதியும் பொருந்தாது. ஒவ்வொரு விதிக்கும் முன்னால் வரும் "மாறாத வெப்பநிலையில்" போன்ற சொற்களைப் பலர் கண்ணால் தாண்டிப் போய்விடுகிறார்கள். விதியின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

பாயில் இதை வெளியிட்டது 1662-இல். ஒரு பக்கம் மூடிய, வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றி, உள்ளே சிக்கிய காற்று எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்தார். அவர் செய்ததில் ஒரு நுட்பத்தை நாம் இன்றைக்கும் கடைப்பிடிக்க வேண்டும். சிக்கிய காற்றின் மீதுள்ள அழுத்தமாக அவர் பாதரசத்தின் உயரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. திறந்த பக்கத்திலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலத்தையும் கூட்டிக்கொண்டார். அதைக் கூட்டாமல் விட்டிருந்தால் அந்த அழகான உறவு வெளிப்பட்டே இருக்காது. அடுத்த படி இதைப் பற்றியதுதான்.

படி 3: எண்களை உண்மையான பூச்சியத்திலிருந்து அளந்துகொள்ளுங்கள்

தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. ஆகவே இந்தப் படியில் அவசரம் வேண்டாம்.

முதலில் வெப்பநிலை. 0 டிகிரி செல்சியஸில் 50 மில்லிலிட்டர் இருக்கும் காற்றை, அழுத்தம் மாறாமல் 100 டிகிரிக்குச் சூடாக்கினால் அது சுமார் 68.3 மில்லிலிட்டராகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.183 மில்லிலிட்டர் கூடுகிறது. இதையே பின்னோக்கிக் கணக்கிடுங்கள். குளிர்வித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.183 குறையும். 50 மில்லிலிட்டரும் தீர எத்தனை டிகிரி வேண்டும்? 50-ஐ 0.183 ஆல் வகுத்தால் 273. எந்த வாயுவை எடுத்தாலும் கோடு அதே புள்ளியை நோக்கித்தான் நீளும். உண்மையில் வாயு அங்கே போவதற்கு முன்பே திரவமாகிவிடும். ஆனால் கோடு காட்டும் இடம் மாறுவதில்லை: மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ். அதைப் பூச்சியமாக வைத்து எண்ணுவதுதான் கெல்வின் அளவுகோல். செல்சியஸோடு 273 கூட்டினால் கெல்வின் கிடைத்துவிடும். பள்ளிக் கணக்குகளுக்கு அது போதும்.

கெல்வினில் எழுதும்போதுதான் "வெப்பநிலை இரு மடங்கானால் கனஅளவும் இரு மடங்கு" என்ற சார்லஸ் விதி உண்மையாகும். 10 டிகிரியிலிருந்து 20 டிகிரி செல்சியஸுக்குப் போனால் வெப்பநிலை இரு மடங்காகவில்லை. 283-இலிருந்து 293 ஆகியிருக்கிறது, மூன்றரை சதவீதம்தான் ஏற்றம்.

அடுத்து அழுத்தம். வாகன டயரில் வைக்கும் அழுத்தமானி 2.2 பார் (பார் என்பது அழுத்தத்தின் ஓர் அலகு; வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1 பார்) காட்டுகிறது என்றால், வெளிக்காற்றைவிட 2.2 பார் கூடுதல் என்று அர்த்தம். உள்ளே இருக்கும் மொத்த அழுத்தம் சுமார் 3.2 பார். டயரின் காற்று முழுவதும் போய்விட்டால் அழுத்தமானி பூச்சியம் காட்டும். ஆனால் உள்ளே அப்போதும் வெளியே இருக்கும் அளவு காற்றழுத்தம் இருக்கத்தானே செய்கிறது? வாயு விதிகளுக்கு எப்போதும் மொத்த அழுத்தமே தேவை.

இரண்டையும் சேர்த்து ஒரு கணக்கு. காலையில் 10 டிகிரியில் அழுத்தமானி 2.2 பார் காட்டியது. வெகுதூரம் ஓடியபின் டயர் காற்று 50 டிகிரி. இப்போது எவ்வளவு காட்டும்? டயரின் கனஅளவு பெரிதாக மாறாது, காற்றும் வெளியேறவில்லை. எனவே அழுத்தமும் வெப்பநிலையும்தான் சேர்ந்து நகர்கின்றன. மொத்த அழுத்தம் 3.2-ஐ 323 ஆல் பெருக்கி 283 ஆல் வகுத்தால் 3.65 பார். வெளிக்காற்றின் 1 பாரைக் கழித்தால் அழுத்தமானி 2.65 காட்டும். செல்சியஸிலேயே போட்டிருந்தால் அழுத்தம் ஐந்து மடங்காகும் என்று வந்திருக்கும். எந்த டயரும் அதைத் தாங்காது. 2.2-ஐ அப்படியே வைத்துப் போட்டிருந்தால் 2.51 வந்திருக்கும். இந்த இரண்டாவது தவறுதான் ஆபத்தானது, ஏனென்றால் விடை பார்வைக்குச் சரியாகவே தெரியும்.

படி 4: "எது மாறவில்லை?"

இனி ஒவ்வொரு கணக்கையும் இப்படித் தொடங்குங்கள். நான்கு அளவுகளையும் தாளில் எழுதி, மாறாதவற்றை அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் விதி.

வெப்பநிலையும் மோலும் அடிபட்டால் அழுத்தமும் கனஅளவும் மிஞ்சும், அது பாயில். அழுத்தமும் மோலும் அடிபட்டால் கனஅளவும் வெப்பநிலையும், அது சார்லஸ். கனஅளவும் மோலும் அடிபட்டால் இப்போது பார்த்த டயர் கணக்கு. அதைக் கே-லூசாக் விதி என்கிறார்கள். அழுத்தமும் வெப்பநிலையும் அடிபட்டால் மிஞ்சுவது கனஅளவும் மோலும். அது 1811-இல் அவகாட்ரோ சொன்னது: ஒரே அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும். மோல் மட்டும் அடிபட்டு மற்ற மூன்றும் மாறினால், அழுத்தத்தைக் கனஅளவால் பெருக்கி வெப்பநிலையால் வகுத்தது முன்னும் பின்னும் சமம் என்று எழுதுங்கள். பெயர்கள் மறந்துபோனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

பெயர்களைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் 1783 டிசம்பரில் வானேறியவர் சார்லஸ். வாயுக்கள் வெப்பத்தால் விரிவதை 1787 வாக்கில் ஆராய்ந்தார், ஆனால் வெளியிடவில்லை. 1802-இல் அதைத் துல்லியமாக அளந்து வெளியிட்ட கே-லூசாக், சார்லஸ் முன்பே செய்ததை அதில் குறிப்பிட்டார். அந்த நேர்மையால்தான் விதிக்குச் சார்லஸின் பெயர் நின்றது.

பாயில் விதியை உயிரோடு பார்க்க வேண்டுமானால் கடலுக்கடியில் மூழ்குபவர்களைப் பாருங்கள். தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய 1 அட்மாஸ்பியர் கூடுகிறது. மேற்பரப்பில் 1, 10 மீட்டரில் 2, 30 மீட்டரில் 4. சிலிண்டரிலிருந்து சுவாசிக்கும் ஒருவர் 30 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பி, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் என்ன ஆகும்? 30-இலிருந்து 10 வரை, அந்த 20 மீட்டரில் காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும். 10-இலிருந்து மேற்பரப்புவரை வெறும் 10 மீட்டரில் இன்னொரு இரு மடங்கு. கடைசி 10 மீட்டர்தான் மிகக் கொடியது. மூச்சை ஒருபோதும் அடக்காதே என்று முதல் பாடமாகவே மூழ்குபவர்களுக்குச் சொல்லித்தருவது இதனால்தான், நுரையீரல் கிழிந்துவிடும்.

படி 5: எல்லாவற்றையும் ஒரே வரியில்

1834-இல் கிளாபெய்ரான் இந்த உறவுகளை ஒன்றாகச் சேர்த்தார். இன்று நாம் எழுதும் வடிவம் இது:

அழுத்தம் × கனஅளவு = மோல் × ஆர் × வெப்பநிலை

"பி வி சமம் என் ஆர் டி" என்று வகுப்புகளில் சொல்வது இதைத்தான். நல்லியல்பு வாயுச் சமன்பாடு என்று பெயர். ஆர் என்பது வாயு மாறிலி. எந்த வாயுவுக்கும் ஒன்றுதான். ஆனால் அதன் எண் நீங்கள் எடுக்கும் அலகைப் பொறுத்தது. அட்மாஸ்பியரும் லிட்டரும் என்றால் 0.0821. பாரும் லிட்டரும் என்றால் 0.0831. பாஸ்கலும் கன மீட்டரும் என்றால் 8.314. முதலில் அலகைப் பார்த்துவிட்டு அப்புறம் ஆரை எடுங்கள். இந்த வரிசை மாறினால் விடை நூறு மடங்கு தள்ளிப்போய் நிற்கும்.

நீங்கள் இருக்கும் அறையின் காற்றை நிறுத்துப் பார்க்கலாமா? நீளம் 4, அகலம் 3, உயரம் 3 மீட்டர். 36 கன மீட்டர். அழுத்தம் 101325 பாஸ்கல், வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின். 101325-ஐ 36 ஆல் பெருக்கி, 8.314-ஐ 300 ஆல் பெருக்கிய எண்ணால் வகுத்தால் சுமார் 1460 மோல். காற்றின் சராசரி மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 29 கிராம். மொத்தம் 42 கிலோவுக்கு மேல்! காற்றுக்கு எடை இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக்காட்டுங்கள்.

இதே சமன்பாட்டைக் கொண்டு, பெயர் தெரியாத வாயுவின் மோலார் நிறையையும் கண்டுபிடிக்கலாம். அடர்த்தியை ஆராலும் வெப்பநிலையாலும் பெருக்கி அழுத்தத்தால் வகுக்க வேண்டும். ஒரு வாயுவின் அடர்த்தி 25 டிகிரியில், 1 அட்மாஸ்பியரில் லிட்டருக்கு 1.80 கிராம் என்றால், 1.80 × 0.0821 × 298 = 44. கார்பன் டை ஆக்சைடு என்று உடனே எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள். நைட்ரஸ் ஆக்சைடுக்கும் 44, புரொப்பேனுக்கும் 44. வாயு விதி எடையைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. அடையாளத்துக்கு வேறு சோதனை வேண்டும்.

ஒரு மோலுக்கு 22.4 லிட்டர் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அது 0 டிகிரியும் 1 அட்மாஸ்பியரும் இருக்கும்போது மட்டும். 1982-இல் திட்ட அழுத்தம் 1 பார் என்று மாற்றப்பட்டபின் அந்த எண் 22.7. அறை வெப்பநிலையான 25 டிகிரியில், 1 அட்மாஸ்பியரில் 24.5. கேள்வியில் நிலை என்ன என்று பார்க்காமல் 22.4-ஐத் தூக்கிப் போடாதீர்கள்.

படி 6: வாயுக்கள் கலந்திருந்தால்

கலவையில் ஒவ்வொரு வாயுவும் மற்றது இல்லாததுபோலவே நடந்துகொள்கிறது. தனித்தனி அழுத்தங்களைக் கூட்டினால் மொத்தம். இது டால்டனின் பகுதி அழுத்த விதி. காற்றில் மூலக்கூறுகளில் 21 சதவீதம் ஆக்சிஜன் என்பதால், 1 அட்மாஸ்பியர் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 0.21 அட்மாஸ்பியர்.

ஆய்வகத்தில் இது உதவும் இடம், நீரை இடம்பெயரச் செய்து வாயுவைச் சேகரிக்கும்போது. குடுவையில் சேர்ந்தது ஆக்சிஜன் மட்டுமல்ல. நீராவியும் கூடவே இருக்கிறது. 25 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் 23.8 மில்லிமீட்டர் பாதரசம். மொத்தம் 760 (அதாவது 1 அட்மாஸ்பியர்) என்றால் ஆக்சிஜனின் பங்கு 736.2. கழிக்க மறந்தால் விடையில் மூன்று சதவீதத்துக்கு மேல் பிழை வரும். சோதனை எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு இங்கே கோட்டைவிடுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கிரஹாமின் விரவல் (வாயு பரவிச் செல்வது) விதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே வெப்பநிலையில் லேசான மூலக்கூறு வேகமாக ஓடும்; விரவும் வேகம் மோலார் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆக்சிஜன் ஹைட்ரஜனைப்போல 16 மடங்கு கனம், எனவே ஹைட்ரஜன் 4 மடங்கு வேகமாக விரவும்.

படி 7: எங்கே இந்தச் சமன்பாட்டை நம்பக் கூடாது

நல்லியல்பு வாயு என்ற கற்பனையில் இரண்டு விஷயங்களை விட்டுவிட்டோம். மூலக்கூறுக்கும் ஒரு பருமன் உண்டு. மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கவும் செய்கின்றன. நெருக்கமில்லாமல், சூடாக இருக்கும்போது இரண்டும் பெரிதாகத் தெரியாது. மிக அதிக அழுத்தத்திலும், திரவமாகப் போகிற அளவுக்குக் குளிர்ந்த நிலையிலும் அவை தலையெடுக்கும். 1873-இல் வாண்டர்வால்ஸ் தம் ஆய்வேட்டில் இந்த இரண்டுக்கும் திருத்தம் சேர்த்தார். அந்த வேலைக்காக 1910-இல் நோபல் பரிசு பெற்றார்.

திருத்தம் எவ்வளவு பெரியது என்று எண்ணில் பார்த்தால்தான் மனதில் நிற்கும். ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடை 300 கெல்வினில் ஒரு லிட்டருக்குள் அடைத்தால், நல்லியல்பு வாயுச் சமன்பாடு 24.6 அட்மாஸ்பியர் என்கிறது. வாண்டர்வால்ஸ் சமன்பாடு தருவது சுமார் 22.1. பத்து சதவீத வித்தியாசம். ஈர்ப்பு மூலக்கூறுகளைப் பின்னுக்கு இழுப்பதால் சுவரில் விழும் அடி குறைகிறது. அதே ஒரு மோலை 0 டிகிரியில் 22.4 லிட்டரில் விட்டால் வித்தியாசம் அரை சதவீதம்தான். ஆகவே சாதாரணக் கணக்குகளுக்குத் தயங்காமல் எளிய சமன்பாட்டையே போடுங்கள்.

முற்றிலும் பொருந்தாத இடம் ஒன்றும் உண்டு. ஒளி ஊடுருவும் கேஸ் லைட்டரில் உள்ளே திரவம் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது பியூட்டேன். பாதி தீர்ந்தாலும் உள்ளே அழுத்தம் பாதியாவதில்லை. வாயு வெளியேற வெளியேறத் திரவம் ஆவியாகி ஈடுகட்டிவிடும். வெப்பநிலை மாறாதவரை, கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும்வரை அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அங்கே மோலே மாறிக்கொண்டிருக்கிறது. உள்ளே திரவம் இருக்கிறதா என்பதையும் உங்கள் முதல் கேள்வியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்களே போட்டுப் பார்க்க ஒன்று

வானிலை பலூன் ஒன்று தரையில் 27 டிகிரி செல்சியஸில், 1 அட்மாஸ்பியரில் 3000 லிட்டர் ஹீலியத்தோடு கிளம்புகிறது. சுமார் 16 கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் 0.1 அட்மாஸ்பியர், வெப்பநிலை மைனஸ் 57 டிகிரி செல்சியஸ். அங்கே பலூனின் கனஅளவு என்ன? ரப்பரின் இழுவையைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

எண்களைத் தொடும் முன் ஊகித்துப் பாருங்கள். வாயு கசியவில்லை, அதனால் மோலை அடித்துவிடலாம். அழுத்தம் பத்தில் ஒன்றாகிவிட்டதால் பலூன் பத்து மடங்கு விரியப் பார்க்கும். குளிர் அதைக் கொஞ்சம் சுருக்கும். ஆக விடை 3000-ஐவிடப் பெரியது, 30000-ஐவிடச் சிறியது. இனி கெல்வினுக்கு மாற்றுங்கள்: 300, 216. 3000-ஐப் பத்தால் பெருக்கி, 216 ஆல் பெருக்கி, 300 ஆல் வகுத்தால் 21600 லிட்டர். கிளம்பியபோது இருந்ததைப்போல 7.2 மடங்கு. தரையில் வானிலை பலூன்களைத் தொளதொளவென்று பாதி நிரப்பியதுபோல அனுப்புவதற்கு இதுதான் காரணம்.